ராஜாவைக் கொன்ற பிறகு

திருப்பத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்பில், எதிரே இருந்த பெண் தன் அக்காவிடம், "ராஜாவ நான் கொன்னிருக்கவே கூடாதுக்கா" என்றாள்.

காதைத் தீட்டிக்கொண்டேன். போனில் ஒரு குழுவாம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு சேர்ந்து கதை எழுதுகிறார்கள். அதை நடத்துபவள் இவள். ராஜா வேடக்காரர் புதிதாக வருபவர்களைக் கேவலமாகத் திட்டுவாராம்.

"கேட்டா, 'நான் திட்டல, ராஜாதான் திட்டுனாரு'ன்னுவாரு. அதான் கதையில வெசம் வெச்சிட்டேன்."

"அப்புறம் இன்னா ஆச்சி?"

"ஆவியா வந்து திட்டுனாரு."

அக்கா சிரித்த சிரிப்பில் ஜீப் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஆள வெளிய அனுப்பாம வேசத்த எதுக்குடி கொன்ன?"

"நல்லா எழுதுவாருக்கா. அவரு போனா குரூப்பே படுத்துடும்னு பயந்தேன். அதுக்குள்ள சமையக்காரி வேசம் போட்ட பொண்ணு அழுதுகினே போய்ட்டா. அப்புறம்தான் குரூப்புல இன்னா குறைன்னு எல்லாருகிட்டயும் கேட்டேன். என்னத்தான் சொன்னாங்க, 'நீ ஏன் இம்மா நாள் சும்மா இருந்த'ன்னு. நேத்து ராஜா வேசக்காரருகிட்டயே காரணத்த சொல்லி குரூப்ப விட்டு எடுத்துட்டேன்."

நானும் ஒரு வாசகர் வட்டம் நடத்தியவன். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக, எல்லாரையும் மட்டம் தட்டிய ஒருவரை விட்டுவைத்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

"படுத்துச்சா குரூப்பு?" என்றாள் அக்கா.

தங்கை போனை நீட்டினாள். அக்கா உரக்கப் படித்தாள்: "சமையக்காரி திரும்ப வர்றா. 'அரண்மனையில யாருக்காச்சும் பசிக்குதா?'"

"கீழ பாருக்கா. பதினோரு பேரு 'எனக்கு'ன்னு போட்டிருக்காங்க. செத்த ராஜாவோட மந்திரியும்தான்."