ஒரு நிமிஷம் நாப்பது வினாடி

– இன்னும் கொஞ்சம் மடக்குங்க மேடம்... இன்னும்...

– ஐயோ! விடுடி, விடு! காலைக் கையோட எடுத்துட்டுப் போயிடுவ போலிருக்கு.

– கடைசி ஒண்ணு.

– இதையேதான் அஞ்சு தடவையா சொல்ற.

– நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே? இருபது சுத்து ஓடவிட்டு, ‘கடைசி ஒண்ணு, கடைசி ஒண்ணு’ன்னு இன்னும் ஆறு வாங்குவீங்க.

– அதுக்குப் பழிவாங்கத்தான் பிசியோதெரபி படிச்சியா?

– பின்ன? உங்க முட்டி எப்படா தேயும்னு இருபத்தஞ்சு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்.

– வாய் மட்டும் அப்படியே இருக்குடி பதினஞ்சு! பெஞ்சில உக்காந்தாலும் ஓயாது. ‘மேடம், ஒன்பதாம் நம்பருக்கு மூச்சு வாங்குது... மேடம், குட்டைக்குக் கால் பிடிச்சுக்கிச்சு...’ காதுக்குள்ள ரேடியோ வெச்ச மாதிரி.

– வேற என்ன வேலை எனக்கு? பதினஞ்சுதான் கடைசி பனியன், கடைசி ஆளு. மூணு வருஷத்துல அந்தப் பலகையே என் அளவுக்குக் குழிஞ்சுபோச்சு.

– சிரிக்க வைக்காதே, வலிக்குது.

– சரி, காலை நீட்டிக்கோங்க. சனிக்கிழமைக்கு இது போதும். மேடைக்கு நாலே படி. நான் கையைப் பிடிச்சுக்கிறேன்.

– சனிக்கிழமை... நான் வரல.

– என்னது?

– வரலன்னா வரல.

– மேடம்! நம்ம டீம் கோப்பை வாங்கி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு, அதே கோர்ட்ல எல்லாரும் கூடுறாங்க. குட்டை ரெண்டு விமானம் மாறி வர்றா. ஒட்டகம் அவ புருஷன் பல் பிடுங்குற தேதியையே தள்ளி வெச்சிருக்கா.

– பாவம், அவருக்கு வீக்கம் தாங்குமா?

– பேச்சை மாத்தாதீங்க.

– முட்டி ஆறலையேடி. அத்தனை பேர் முன்னாடி நொண்டிக்கிட்டே ஏறச் சொல்றியா?

– ம்... ஒண்ணு கேக்கவா? பிராக்டிஸுக்கு டிமிக்கி கொடுக்க, கால் சுளுக்குன்னு நொண்டிக்கிட்டு வருவோமே... எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

– அதுவா? ஒண்ணுமே சொல்ல மாட்டேன். ‘அந்தத் தண்ணிக் குடத்தை எடுத்துட்டு வா’ம்பேன். போகும்போது இடது கால் நொண்டும், வரும்போது வலது கால் நொண்டும்! நடிக்கிறவளுக்கு எந்தக் கால்னு மறந்துடும். உங்க கேப்டனே ஒரு தடவை...

– இன்னைக்கு நீங்க உள்ள வரும்போது இடது கால்ல நொண்டினீங்க. ஆபரேஷன் பண்ணது வலது முட்டி.

– ஃபேனைக் கொஞ்சம் வேகமா வையேன்.

– முந்தாநாளே நூத்தியஞ்சு டிகிரி மடங்கிடுச்சு. அளந்து எழுதி வெச்சிருக்கேன். மடங்காதது முட்டி இல்ல. என்ன மேடம் விஷயம்?

– என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. ஜெயிச்ச கதையை.

– பேசுங்களேன். முப்பத்தொரு வருஷம் காலேஜ் பொண்ணுங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்திருக்கீங்க, கதைக்கா பஞ்சம்?

– முப்பத்தொரு வருஷத்துல கோப்பை ஒண்ணே ஒண்ணு, உங்களோடது. உங்களுக்கு அடுத்த வருஷம் ஒரு டீம் வந்துச்சு. பதினோரு மேட்ச், ஒன்பது தோல்வி. ஆனா ஒருத்தி கீழ விழுந்தா நாலு கை நீளும்டி. ரயில்ல ஒரே ஒரு ஜன்னல் சீட்டு கிடைச்சா, முறை வெச்சு மாறி மாறி உக்காருவாங்க. தோத்துட்டு வர்ற பெட்டி மாதிரியே இருக்காது, பாட்டும் கூத்தும். அவங்களை நினைச்சா இப்பவும் நிம்மதியா தூக்கம் வரும். உங்க டீமை நினைச்சா வராது.

– நாங்க என்ன பாவம் பண்ணினோம்?

– நீங்க இல்ல... அந்தக் கடைசி ஆட்டம். அன்னைக்குக் காலைல பஸ்ல உன்கிட்ட ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? ‘உனக்கு இதுதான் கடைசி மேட்ச், இன்னைக்கு உன்னை இறக்குவேன்’னீங்க. ஷூ கயித்தை மூணு தடவை அவுத்து அவுத்துக் கட்டினேன்.

– மணி அடிக்க ஒரு நிமிஷம் நாப்பது வினாடி இருக்கும்போது ‘போ’ன்னேன்.

– ஓடிப்போய் ஸ்கோர் எழுதுற மேஜைகிட்ட நின்னேன். ஆட்டம் நின்னாத்தானே ஆளை மாத்த முடியும்? பந்து நிக்கவே இல்ல. ஒரு ஃபவுல் கிடையாது, பந்து கோட்டைத் தாண்டல. வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு மாதிரி நின்னேன். மணி அடிச்சுது... ஒரு பாயின்ட்ல ஜெயிச்சோம்.

– அக்கா! வண்டி வந்துருச்சு. இன்னுமா முடியல?

– இருடி, அஞ்சு நிமிஷம். கதவைச் சாத்திட்டுப் போ.

– பாவம், உங்க தங்கச்சி ஒரு மணி நேரமா வெளிய உக்காந்திருக்காங்க...

– உக்காரட்டும். இப்ப விட்டா எனக்கு வாய் வராது. எல்லாரும் என்ன சொல்றாங்க? ‘மேடம் என்ன பண்ணுவாங்க, டைம்-அவுட் தீர்ந்துபோச்சு. இருந்திருந்தா ஆட்டத்தை நிறுத்தி உன்னை இறக்கியிருப்பாங்க’ன்னு.

– ஆமா. அப்படித்தான் பேச்சு.

– நான் அப்படி ஒருத்தர்கிட்டயும் சொல்லலடி. யாரோ கிளப்பிவிட்டாங்க. எனக்கு வசதியா இருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். ...டைம்-அவுட் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. நாப்பது வினாடி இருக்கும்போது எதிர் டீம் கூடை போட்டாங்க பாரு, அப்ப கையைத் தூக்கி டைம்-அவுட் கேட்டிருந்தா போதும். பாதி தூக்கினேன். மேஜைகிட்ட நீ நிக்கிறதைப் பாத்தேன். ஸ்கோர் பலகையில ஒரே பாயின்ட் வித்தியாசம், அதையும் பாத்தேன். கையைக் கீழ போட்டுட்டேன்.

– நான் உள்ள போயிருந்தா... தோத்திருப்போமா மேடம்?

– தெரியாது. அதான்டி தூங்க விட மாட்டேங்குது. தோத்திருப்போம்னு தெரிஞ்சா மனசு ஆறிடும். அதைத் தெரிஞ்சுக்கவே வழியில்லாமப் பண்ணிட்டேன். அவ்வளவு ஆசை அந்தப் பித்தளை மேல.

– அழாதீங்க... இந்தாங்க, துண்டு.

– எண்ணெய்த் துண்டைக் குடுக்குறா பாரு! ...சனிக்கிழமை நீ எதிர்ல உக்காந்திருப்ப. உன் முகத்தைப் பாத்துக்கிட்டே அதே பொய்யை நான் சொல்லணுமா? முடியாதுடி. அதுக்குத்தான் முட்டி, நொண்டி எல்லாம். திட்டணும்னா திட்டிடு, வாங்கிக்கிறேன்.

– அந்தப் பொய் உங்களோடது இல்ல மேடம், அதை நீங்க ஏன் சுமக்கணும்? நான் நின்னது ஸ்கோர் மேஜைகிட்ட. ஸ்கோர் தாள் என் மூக்குக்குக் கீழதான் இருந்துச்சு. நம்ம பக்கத்துல, டைம்-அவுட் எடுத்தா குறிக்கிற கட்டம் ஒண்ணு காலியா இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன், கடைசி நாப்பது வினாடியும். அப்புறம் எல்லாரும் கோப்பையைத் தூக்கிக்கிட்டுக் குதிக்கிறாங்க. குட்டை ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு, ‘ஏன்டி மேடம் உன்னை இறக்கல?’ன்னா. முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. உள்ளதைச் சொன்னா கோப்பை கீழ விழுந்துடும் போல இருந்துச்சு... சனிக்கிழமை வாங்க, நாலு படியும் சேந்தே ஏறுவோம். டைம்-அவுட் தீர்ந்துபோச்சுன்னு கிளப்பிவிட்டது நான்தான்.