பதினோராவது ஓட்டு

குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நான் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை. காலை ஆறு முப்பத்தைந்து. சுவர் அதிர்கிறது. முதலில் விசில். பிறகு தகரக் கதவை உதைத்த மாதிரி ஒரு சத்தம். கேம்ப் வாசலில் லாரி உறுமுகிறது. எல்லைக்குப் போகும் கடைசி லாரி.

பதினோரு பேர். எல்லாரும் திண்டுக்கல் பக்கம். வெளிநாட்டில் ரோடு போடப் போனவர்கள். நான் ஸ்டோர் கீப்பர். நாலு புத்தகம் படித்தவன் என்று குழுவுக்கு அட்மின் ஆக்கியிருந்தார்கள். போனால் எல்லாரும் போவது, ஒருத்தர் மறுத்தாலும் யாரும் போவதில்லை. விதி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நாலு நாள் நகரவில்லை. திண்டுக்கல் டவுன்காரர்கள் எம்பசியை நம்பினார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் லாரியை நம்பினார்கள். வத்தலக்குண்டுக்காரர்கள் இரண்டே பேர், எதிரெதிர்க் கட்சி.

அன்று காலை பத்துப் பேர் லாரிக்கு ஒத்துக்கொண்டோம். பாக்கி காதர் பாய். பேகம்பூர்க்காரர். எங்கள் சமையல்காரர். வழிக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தார்.

"ஏனுங்க, பாயைக் கூப்புடுங்க! வண்டி கெளம்புதுங்க!" ஒட்டன்சத்திரம் பழனிச்சாமி லாரி மேலிருந்து கத்தினார்.

"ஏலே, ஆள விட்டுட்டா போறது? நிறுத்தச் சொல்லு!" இது டவுன் முருகேசன்.

கூப்பிட்டிருக்கலாம். 'வாங்க பாய்.' அது போதும். நான் எழுதினேன்: "உங்கள் ஓட்டு மட்டும் பாக்கி. கருத்தைத் தெரிவிக்கவும்."

ஆறு நாற்பத்தொன்று. தெருமுனையில் பாய். கையில் ரொட்டிப் பொட்டலம். ஓடி வந்தவர் நடுரோட்டில் நிற்கிறார். ஃபோனை எடுக்கிறார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடுகிறார்.

"பாய், படுங்க! படுங்க!" எல்லாரும் கத்துகிறோம்.

என் ஃபோனில் எண் மாறியது. லாரிக்குப் பதினொன்று. ஏகமனது.

பிறகு விசில்.

போனவர்கள் பதினோரு பேர். வந்தவர்கள் பத்து. அங்கே விட்டு வந்தது: பழனிச்சாமியின் இடது காது. முருகேசனின் இரண்டு விரல். மூன்று பாஸ்போர்ட். காதர் பாய்.

ஊருக்கு வந்ததும் பேகம்பூர் போனேன். பாயின் மனைவியிடம் சொன்னேன், எங்களை ஒன்றுசேர்த்தது அவர் போட்ட ஓட்டுத்தான் என்று. என் குரல் எனக்கே மேடைப்பேச்சு மாதிரிக் கேட்டது.

அந்தம்மா சொன்னார்:

"இங்கன ஒரு எலெக்‌ஷனுக்கும் அவரு போனதில்லங்க. வரிசையில நின்னா காலு வலிக்கும்பாரு."