ரெண்டாவது பட்டன்

நேரா நில்லுங்கக்கா, குண்டூசி குத்திடும். கல்யாண ரவிக்கை, இடுப்புல ஒரு இஞ்சு பிடிக்கணும்.

இளகின மனசா? எங்கண்ணனுக்கா? சரி, நீங்கதான கட்டிக்கப் போறீங்க. அண்ணின்னு கூப்பிடலன்னு கோச்சுக்காதீங்க, வாய் வரல.

கெட்டவன்னு சொல்ல வரல. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரல் உசராது. தெருவுல அவனைப் பிடிக்காத ஆளே இல்ல. வாயாடின்னு பேரு எனக்குத்தான்.

கையத் தூக்குங்க.

சின்னதுல, அம்மாவோட இதே தையல் மெஷின்ல என் விரல்ல ஊசி இறங்கிடுச்சு. நான் கத்துறேன், அவன் என் மூஞ்சியையே பார்த்துட்டிருக்கான். விரலை இல்லக்கா, மூஞ்சியை. வலின்னா எப்படி இருக்கும்னு கேட்டான். கிண்டல் இல்ல. கண்ணு தெரியாதவன் கலர் கேக்குற மாதிரி.

அம்மா போனதும் இந்தக் கடைய யாரு பாக்குறதுன்னு பேச்சு வந்துச்சு. படிப்ப விட மாட்டேன்னேன். என் முன்னாடி உக்காந்து அழுதான். மறுநாளே பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டேன். தெரிஞ்சும் ஏமாந்தேன்.

என்ன தெரிஞ்சுன்னா... இருங்க, வாயில ஊசி.

நீங்களும் வேண்டாம்னு போனவங்கதான? அவன் அழுததும் திரும்பி வந்துட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அழுறப்ப சட்டையில ரெண்டாவது பட்டனைத் திருகினானா? முகத்த மூடாம, பாதி திருப்பிக்கிட்டு?

ம்.

அம்மா செத்த அன்னைக்கு வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுட்டிருந்தான். பெத்தவ கெடக்குறா, கல்லு மாதிரி நிக்கிறான் பாருன்னாங்க சித்தி. அது காதுல விழுந்துடுச்சு. என்னைச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போயி, எப்படி அழணும், சீக்கிரம் சொல்லுன்னான். பாவமா இருந்துச்சுக்கா, ஊரே ஏசுதேன்னு. கண்ண இமைக்காத, எரிஞ்சு தண்ணி வரும்னேன். கைய சும்மா வச்சிருந்தா பொய்யாத் தெரியும், முகத்தப் பாதி திருப்பிக்கிட்டு ரெண்டாவது பட்டனைத் திருகுன்னேன். வெளிய போனான். சித்தியே அவனைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. அவன் சரியாச் செய்றானான்னு பாத்துட்டே இருந்ததுல, நான் அழவே இல்ல.

பட்டன் எதுக்கா? அம்மா அப்படித்தான் அழுவாங்க, தைக்கிற சட்டையோட பட்டனைத் திருகிக்கிட்டே. எனக்குத் தெரிஞ்ச அழுகை அது ஒண்ணுதான்.

கிளம்புறீங்களா? அசையாதீங்கக்கா. ஊசியெல்லாம் கழட்டிடுறேன்.