நாலரை மணிக்கு ஆறு பேர்

அருளம்பலம்: …விடுங்கோ சேர். நகரசபைக் கந்தோர்க் கதவை அவங்கள் பூட்டினதுக்கு நீங்கள் என்ன செய்வீங்கள்? இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், மற்றதில இருங்கோ.

சுந்தரராஜன்: இல்ல அருளம்பலம், தப்பு என்னோடதுதான். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கன்னு தெரிஞ்சும் ஆறு பேரை வாசல்லயே நிக்க வச்சுட்டேன்.

ஞானாம்பிகை: அப்ப ஆறு ஆம்பிளையள் வெளிக்கிட்டுப் போய் ஒரு கையெழுத்தும் வைக்காமலோ வந்தனீங்கள்?

அருளம்பலம்: நீர் முதல் தேத்தண்ணியைக் கொண்டாரும். ஒற்றைக் கையால ஊத்தி மேசையை நனைக்காதையும்.

ஞானாம்பிகை: மற்றக் கை கட்டுக்குள்ள கிடக்கு. ஒற்றைக் கையாலதான் ஊத்தவேணும்… அண்ணை, நான் விளங்கினதைச் சொல்லுறன், பிழையெண்டாத் திருத்துங்கோ. எங்கட தெருவில கட்டடம் வைச்சிருக்கிற எல்லாரும் வருசா வருசம் ஒரு வரி கட்டவேணும். அந்தக் காசில நடைபாதை திருத்தி, லைற் போட்டு, பூச்சாடி வைப்பினம். விருப்பமில்லாத ஆக்கள் இண்டைக்கு அஞ்சு மணிக்கு முந்திக் கந்தோர்ப் புத்தகத்தில கையெழுத்து வைக்கவேணும். முப்பது விழுந்தால் திட்டம் செத்துது. சரியோ?

சுந்தரராஜன்: ரொம்ப சரி. தெருவுல இருக்கற கிரேக்கரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து காலையிலயே இருபத்தஞ்சு போட்டுட்டாங்க.

அருளம்பலம்: நாங்கள் ஆறு பேர். வைச்சிருந்தால் முப்பத்தொண்டு.

ஞானாம்பிகை: நீங்களும் காலமையே போயிருக்கலாமே.

அருளம்பலம்: காலமை சாமான் லொறி வரும். செவ்வாய்க்கிழமை மூண்டிலயிருந்து நாலரை மட்டும் ராகுகாலம். அதான் நாலரைக்குக் கந்தோர் வாசலில நிப்பமெண்டு சொன்னனான். ஒருத்தரும் பிந்தேல்ல.

ஞானாம்பிகை: எங்கட ஆக்கள் பிந்தாமல் வந்தவையோ? அதுவே பெரிய அபசகுனம்.

சுந்தரராஜன்: அங்கதான் நான் வாயைத் திறந்தேன். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருக்கோம், ராகுவுக்கு அது தெரியாது, அதனால நாலுலேருந்து அஞ்சரைதான் நிஜமான ராகுகாலம்னு…

ஞானாம்பிகை: எஞ்சினியர் சொன்னால் மறுப்பினமோ.

அருளம்பலம்: கந்தோர்ப் பிள்ளை கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, "பொன்ஜூர், பொன்ஜூர்" எண்டு கூப்பிட்டபடி. நாங்கள் ஆறு பேரும் படியில, மணிக்கூட்டைப் பார்த்தபடி.

ஞானாம்பிகை: கிறிஸ்தோப்பர் வேதக்காரன் எல்லோ. அவருக்கென்ன ராகுவும் கேதுவும்?

சுந்தரராஜன்: அவர்தான் முதல்ல ஒரு படி கீழ இறங்கினார்.

அருளம்பலம்: அஞ்சு அடிக்க அந்தப் பிள்ளை "மெர்சி" எண்டு சொல்லிப்போட்டுப் பூட்டினது. உம்மட அண்ணன் நகுலேஸ்வரன் தொப்பியைக் கழற்றி நிலத்தில அடிச்சார். ஆறு மணிக்கு இஞ்சை கூட்டமாம், இந்த மேசையிலதான். பிழை ஆரிலயெண்டு தீர்க்கவேணுமாம்.

ஞானாம்பிகை: எதிர்ப்புக் குழுத் தலைவர் நீங்கள்தானே. பொன்னாடையும் போட்டவை.

அருளம்பலம்: அந்தப் பொன்னாடையாலதான் இப்ப கழுத்து நோகுது.

சுந்தரராஜன்: பழியை என் மேல போட்டுருங்க. இந்தியாக்காரன் கணக்குத் தப்புன்னு சொன்னா நகுலேஸ்வரன் உடனே நம்புவார்.

அருளம்பலம்: சீச்சீ, உங்களை விட்டுக்குடுப்பனோ… வடை எடுங்கோ.

சுந்தரராஜன்: நீங்க மூணாவது எடுக்கறீங்க. கவலை வந்தா உங்களுக்கு இப்படித்தான் பசிக்குமா?

அருளம்பலம்: தலைவர் எண்டால் எல்லாப் பாரமும் வயித்திலதான்.

சுந்தரராஜன்: இருங்க… இது எங்க வீட்டு வடை மாதிரி இருக்கே.

ஞானாம்பிகை: ஓம், அலமு அக்கா வீட்டு வடைதான்.

சுந்தரராஜன்: அலமுவா? செவ்வாய்க்கிழமை மத்தியானமா? பண்டிகை ஒண்ணும் இல்லையே.

ஞானாம்பிகை: சும்மா, ஒரு சந்தோசத்துக்கு.

அருளம்பலம்: அதுக்கோ கடையைப் பூட்டிப்போட்டு அங்க போனனீர்?

ஞானாம்பிகை: தெருவில அரைவாசிப் பேர் படையெடுத்துப் போயிட்டினம். ஆர் வரப்போகினம் தேங்காய்ப்பால் வாங்க?… அண்ணை, உங்களுக்குப் பின்னால அந்தக் கலண்டர் தொங்குது. கழற்றித் தாங்கோ. இண்டைய ராகுகாலத்தைப் பார்ப்பம்.

அருளம்பலம்: அது கிடக்கட்டும். போன வருசக் கலண்டர்.

சுந்தரராஜன்: இல்லையே. தொண்ணூத்தாறு, ஜூன்… அட, மொன்றியல் நேரத்துக்கே போட்டிருக்காங்க. செவ்வாய்… ராகுகாலம் ஆரம்பம் நாலு அம்பது.

அருளம்பலம்: இன்னொரு வடை எடுங்கோ, சேர்.

சுந்தரராஜன்: இது உங்க கல்லாப்பெட்டிக்கு மேலயே தொங்குது.

அருளம்பலம்: தொங்கும்.

சுந்தரராஜன்: தினமும் தாள் கிழிக்கறது?

ஞானாம்பிகை: அவர்தான். நான் கிழிச்சால் கோணலாப் போயிடுமாம்.

சுந்தரராஜன்: அப்ப நாலரையிலேருந்து நாலு அம்பது வரைக்கும் நல்ல நேரம்தான்னு உங்களுக்கு…

அருளம்பலம்: தெரியும் சேர். இருபது நிமிசம். ஆறு பேர் என்ன, ஊரே கையெழுத்து வைச்சிருக்கலாம்.

சுந்தரராஜன்: பின்ன ஏன் பேசாம நின்னீங்க?

அருளம்பலம்: நீங்கள் ஏன் பிழையாச் சொன்னீங்கள்? இந்தக் கடை திறக்கேக்க மொன்றியல் சூரியன் எத்தினை மணிக்கு உதிக்குமெண்டு பார்த்து, நிமிசக் கணக்கில எனக்கு நேரம் எழுதித் தந்த மனிசன் நீங்கள். அந்தத் துண்டு இப்பவும் சாமிப் படத்துக்குப் பின்னால கிடக்கு. உங்களுக்கோ ராகுகாலம் தெரியாது?

ஞானாம்பிகை: தேத்தண்ணி ஆறுது, அண்ணை.

சுந்தரராஜன்: என் பொண்ணு பூர்ணா யூனிவர்சிட்டியில லேப் முடிச்சுட்டு மெட்ரோவுல வரா. ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்கு மொத்தம் ஒரே விளக்கு. அதுவும் நினைச்சாத்தான் எரியும். அவ கதவைத் திறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் நான் ஜன்னல்லயே நிக்கறேன். கூட்டத்துல எல்லாரும் வரி வேண்டாம்னு கை தூக்கினாங்க… நானும் தூக்கினேன்.

அருளம்பலம்: ரெண்டு கையையும் தூக்கினீங்கள்.

சுந்தரராஜன்: பக்கத்துல நகுலேஸ்வரன் உக்காந்திருந்தார்.

அருளம்பலம்: நான் மட்டும் என்ன. போன மாசம் இவ கடை வாசலில, உடைஞ்ச கல்லில இடறி விழுந்து கை முறிஞ்சது. அண்டைக்குப் பின்னேரம்தான் எனக்குப் பொன்னாடை. தோளில அதைப் போட்டுக்கொண்டு எழும்பி, "நடைபாதை திருத்தத்தான் வேணும்" எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ஞானாம்பிகை: வீட்டை வந்து எனக்கு என்ன சொன்னனீங்கள்?

அருளம்பலம்: …பார்த்து நடக்கவேணுமெண்டு.

ஞானாம்பிகை: ஓம். ஞாபகமிருக்கு.

அருளம்பலம்: அண்டையில இருந்து நித்திரை இல்லை. இந்த நாடு ரெண்டாப் பிரியுறதோ இல்லையோ எண்டு போன வருசம் வோட் போடேக்ககூட நான் இவ்வளவு யோசிக்கேல்ல. இண்டைக்கு அந்தப் பிள்ளை கதவைப் பூட்டினாள் பாருங்கோ… நெஞ்சிலயிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கின மாதிரி.

சுந்தரராஜன்: எனக்கும்தான். சிரிப்பு வந்துடுமோன்னு பயந்து இருமிக்கிட்டே நின்னேன்.

அருளம்பலம்: அது இருமலோ? நான் சிவநேசத்துக்குச் சொன்னனான், சேருக்குச் சளி எண்டு.

சுந்தரராஜன்: மணி ஆறாகப் போகுது. நகுலேஸ்வரன் கலண்டரைப் பாத்தார்னா முடிஞ்சுது.

அருளம்பலம்: இஞ்சரும், உந்தக் கலண்டரை மா மூட்டைக்குக் கீழ வையும்.

ஞானாம்பிகை: தேவையில்லை. நீங்கள் நாலரைக்கே உள்ள போயிருந்தாலும் ஒண்டும் நடந்திராது.

அருளம்பலம்: ஏன் நடவாது?

ஞானாம்பிகை: அந்த வரிக் கடிதத்தை வாசிச்சனீங்களோ?

அருளம்பலம்: பிரெஞ்சில கிடந்தது. கிரேக்கன் தன்ர கடிதத்தை வாசிச்சு எல்லாருக்கும் சொன்னவன்.

ஞானாம்பிகை: அவன் தன்ர கடிதத்தை வாசிச்சான். இது எங்கட கடிதம். மேல என்ன பேர் கிடக்கு, பாருங்கோ.

அருளம்பலம்: மடாம்… ஞானாம்பிகை.

ஞானாம்பிகை: இந்தக் கட்டட உறுதிப் பத்திரம் ஆரின்ர பேரில?

அருளம்பலம்: உம்மட பேரிலதான். கடை கவிழ்ந்தாலும் கட்டடம் கவிழக்கூடாதெண்டு…

ஞானாம்பிகை: எங்கட அண்ணற்ற கட்டடம்?

அருளம்பலம்: அண்ணியின்ர பேரில.

ஞானாம்பிகை: அருமைராசா, சிவநேசம்?

அருளம்பலம்: ரெண்டும் சீதனக் காசில வாங்கினது. மனிசிமாரின்ர பேரில. கிறிஸ்தோப்பற்ற அக்னெஸின்ர பேரில… சேர், உங்கட?

சுந்தரராஜன்: அலமு பேர்ல. டாக்ஸுக்காக.

ஞானாம்பிகை: உறுதியில பேர் உள்ள ஆள்தான் கையெழுத்து வைக்கலாமாம். நேரில வரவேணுமாம். வேற ஆள் வைச்சால் செல்லாதாம். ரெண்டு கிழமைக்கு முந்தியே பிரெஞ்சு வகுப்பில ரீச்சரிட்டக் குடுத்து, ஆறு பேரும் ரெண்டு தரம் வாசிச்சனாங்கள்.

அருளம்பலம்: ரெண்டு கிழமையாத் தெரியுமோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ.

ஞானாம்பிகை: சொன்னால் எங்களையெல்லோ கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைப்பிச்சிருப்பீங்கள். அதான் கட்டடச் சொந்தக்காரர் ஆறு பேரும் நாலரை மணிக்கு அலமு அக்கா வீட்டில வடை சுட்டுக்கொண்டு இருந்தனாங்கள். அஞ்சு பேர் ரெண்டு கையாலயும், நான் ஒற்றைக் கையாலயும்.