ஐம்பது மீட்டருக்கு இருபத்துநாலு மடங்கு

— துவக்குக்குப் பன்னிரண்டு மடங்கு ஸ்கோப்பே காணும், கௌரிசங்கர். நாங்கள் சுடுறது அம்பது மீற்றரிலை தொங்குற கடதாசியை. சந்திரனை இல்லை.

— இல்லண்ணே, எனக்கு இந்த இருபத்துநாலு மடங்குதான் வேணும். நீங்களே கண்ணை வச்சுப் பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற வேன் நம்பர்கூடத் தெரியுது.

— தெரியும். அதோட உம்மட கை நடுங்கிறதும் இருபத்துநாலு மடங்காத் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சா எல்லாம் மங்கிப்போம். கிளப்பிலை பதினைஞ்சு வரியமாச் சுடுறவன் சொல்லுறன், கேளும். உந்தச் சின்னது இருநூத்தெண்பது டொலர்தான்.

— அருமைநாதண்ணே, ஹரிப்பிரியா ஐநூறு டாலர் குடுத்திருக்கா. அதுக்கு மேல ஒத்தை டாலர் கிடையாதுன்னு கண்டிஷன். இது நானூத்தித் தொண்ணூறு, கச்சிதமா அடங்குது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, அவளாவே கூப்பிட்டு, "உங்க துப்பாக்கிக்கு ஒரு நல்ல ஸ்கோப் வாங்கிக்கோங்க"ன்னு சொன்னது இதான் முதல் தடவை. அதைப் போய்ச் சின்னதுல முடிக்கச் சொல்றீங்களே!

— நல்ல மனுசி. பாவம். சரி, வளையத்துக்கு? அதுக்கு இன்னும் அறுவது வேணுமே. குழாயைத் துவக்கிலை என்னத்தாலை பூட்டப் போறீர், சோத்தாலை ஒட்டுறதோ?

— வளையம் இப்போதைக்கு வேணாம்ணே. கையில புடிச்சே பாத்துக்கறேன்.

— கையிலை?

— ஆமா... கையில.

— எந்த விசரன் ஸ்கோப்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சுடுவான்? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும். என்னத்தைப் பாக்கப் போறீர்?

— யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கறிவேப்பிலைத் திருடனை.

— ஆரை?

— என் மரம் தெரியும்லண்ணே. நம்ம பாயிண்ட் குக் ஊர்க் குளிருக்கு எதுவும் நிக்காது. ஏழு வருஷமாப் போர்வை போத்திக் காப்பாத்தியிருக்கேன். வீட்டு ரசத்துக்கே நான்தான் எண்ணிக் கிள்ளிக் குடுப்பேன், ஹரிப்பிரியாகூடக் கை வைக்க முடியாது. இப்ப என்னடான்னா, நான் ஆபீஸ் போற நாளாப் பாத்து எவனோ வந்து உருவிட்டுப் போறான். நேத்துப் பாக்கறேன், பழனிக்கு நேர்ந்துகிட்ட பிள்ளை மாதிரி மொட்டையா நிக்குது. வயிறு எரியுதுண்ணே, சத்தியமா.

— அதுக்கு ஒரு கமரா பூட்டலாமே, ஐசே.

— அவ விட்டாத்தானே! கேமரான்னு வாயெடுத்தாலே, "அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க"ன்னு சண்டைக்கு வர்றா. பைனாகுலர் வாங்கப் பணம் கேட்டா எதுக்குன்னு குடைவா. ஸ்கோப்புன்னா கேள்வியே இல்ல. வர்ற புதன்கிழமை ஆபீஸ் போற மாதிரிக் கிளம்பறேன். காரை எங்கயாவது விட்டுட்டு, பின்தெரு பார்க்ல உக்காந்து, இந்தக் குழாயைக் கண்ணுல வச்சேன்னா அவன் பல்லு இடுக்கு வரைக்கும் தெரியும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

— பிள்ளையள் விளையாடுற இடத்திலை உதைக் கண்ணிலை வைச்சுக்கொண்டு இருந்தீரெண்டா, கள்ளன் பிடிபட முதல் நீர் பிடிபடுவீர். விடும். இலைதானே, துளிர்க்கும். அதுசரி, உந்தப் பெரிசின்ரை கண்ணாடியிலை ஒரு கீறல் கிடக்கு, கண்டனீரோ?

— எங்க? அட போங்கண்ணே, கீறலும் இல்ல கீரையும் இல்ல. உங்க விரல் பட்ட அழுக்கு. சட்டைத் துணியில துடைச்சா போயிருச்சு பாருங்க.

— கடைக்காரனும் பாக்கிறான், மெல்லமாக் கதையும்.

— ஒரு நிமிஷம். நீங்க ஏன் இப்பிடிப் பதறுறீங்க? போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மீன் கொழம்புல கறிவேப்பிலை கொத்துக்கொத்தா மிதந்துச்சே. உங்க வீட்டுல மரம் கிடையாதே?

— கடையிலை வாங்கினது!

— எந்தக் கடை?

— குசினி அலுவல் எனக்கு என்னெண்டு தெரியும்? அது என்ரை மனுசி யோகராணியின்ரை பகுதி.

— கடை இலைக்கு அந்த வாசம் வராதுண்ணே. என் பிள்ளை வாசம் எனக்குத் தெரியாதா? இந்த ஏசியில உங்களுக்கு ஏன் வேர்க்குது?

— பிள்ளையாராணை, உம்மட மரத்திலை நான் ஒரு கொப்பிலையும் கை வைக்கேல்லை. காணுமோ? இப்ப கதையை மாத்தாதையும். அடுத்த மாசம் கிளப்பிலை போட்டி. வளையம் பூட்டாத குழாயோட வந்தீரெண்டா வாசலிலயே திருப்பி அனுப்புவன். பெரிசுதான் வேணுமெண்டா வளையத்தையும் சேத்து வாங்கும். ஏலாதெண்டா சின்னதை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டை போம்.

— பெரிசுதான். வளையமும்தான். ஹரிப்பிரியாகிட்ட இன்னும் அம்பது கேக்கறேன், என்ன பெரிய விஷயம்? இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

— ஸ்பீக்கரிலை போடாதையும்! தள்ளி நிண்டு தனியக் கதையும், நான் அங்காலை போறன்—

— நில்லுங்கண்ணே, உங்க முன்னாலயே கேக்கறேன். ஹலோ, ஹரி? கடையிலதான் இருக்கேன், அருமைநாதண்ணனும் பக்கத்துல இருக்கார். அருமையான ஸ்கோப்மா. ஒரு அம்பது டாலர் மட்டும் சேர்த்துப் போட்டேன்னா முடிஞ்சுது.

— அண்ணா இருக்காரா? அண்ணா, இந்த வாரக் கட்டு கிடையாதுன்னு யோகராணி அக்காகிட்டச் சொல்லிடுங்க... என்னங்க, கோவிச்சுக்காதீங்க, இன்னும் அம்பதுக்கு நான் எங்க போவேன்? கடைசிக் கொத்து வரைக்கும் வித்துத்தான் உங்க ஐநூறைச் சேர்த்தேன், மரத்துல இனி ஒத்தை இலைகூட இல்ல.