வெட்டுத் தரம் இல்லாத கல்

"ஹலோ... ஓம், ராத்தாதான் மஸாஹிர்... ஓம், ஓம், ரிப்போட்டப் பாத்தன். நீ அனுப்பின போட்டோவ நேத்து மஃரிபுக்குப் பொறவு பெரிசாக்கிப் பாத்தன்... வெட்டு எண்ட இடத்துல ஒண்டுமில்ல. ஒரு கோடு மட்டும் கீறி வச்சிருக்காங்க... அதத்தான் நானும் சொல்றன். தரம் போடக்கூட லாயக்கில்லாத கல்லு."

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஸும்றா கையை நிறுத்தினாள். உம்மா நிஸ்மியா போனில் கதைத்தால் வேலிக்கு அப்பாலும் கேட்கும். கொழும்பிலிருந்து உம்மாவின் தம்பி மஸாஹிர் மாமா சொல்வது மட்டும் கேட்காது.

கதை ஸும்றாவின் மோதிரத்தைப் பற்றியது. அவளுக்கும் புத்தளத்து றஸ்மிக்கும் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. மஹராகக் கொடுக்கவிருந்த வைர மோதிரத்தை, அளவு பார்க்கட்டும் என்று மாப்பிள்ளையின் தாய் சாரா உம்மா முன்கூட்டியே கொண்டுவந்து போட்டுவிட்டிருந்தார். மகனே கடை கடையாக ஏறி இறங்கித் தேடியது என்று பெருமையாகச் சொன்னார். விரலில் கொஞ்சம் தளர்ந்தது. இறுக்கி எடுக்கிறோம் என்று சொல்லி வைத்துக்கொண்ட உம்மா, அதை வைரம் சோதிக்கும் லாப்பில் கொடுத்துப் பார்க்கும்படி மாமாவுக்கு அனுப்பிவிட்டாள். சாச்சியின் மகள் ஷிம்லாவுக்கு மஹராக வந்த கல் கண்ணாடி என்று தெரிந்த நாளிலிருந்து உம்மாவுக்கு எந்தக் கல்லையும் நம்ப முடியவில்லை. மோதிரத்தை விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தது ஸும்றாதான். எதற்கென்று தெரிந்தேதான் கொடுத்தாள்.

"என்ன?... திருப்பிச் சொல்லு... வட்டக் கல்லுக்கு மட்டுமா?"

உம்மாவின் குரல் தாழ்ந்தது. ஸும்றா எழுந்து கதவு நிலைக்கு வந்தாள்.

"ம்... மெஷின்ல சுத்தவச்சு அளக்கிறதா... மேல்தட்டு எவ்வளவு அகலம், அடி எவ்வளவு ஆழம், சரிவு எவ்வளவு... சரி... உள்ள போற வெளிச்சம் திரும்பிக் கண்ணுக்கு வரணுமா... அடியால ஒழுகிப் போனாத் தரம் கொறையுமா... ஓம், ஓம், விளங்குது. எது மட்டமோ அதுதான் முழு வெட்டுக்கும் தரம்... டேய், கொழும்புக்குப் போனதும் வாத்தியாராயிட்டியா நீ? எங்கட கல்லுக்கு ஏன் போடல்ல, அதச் சொல்லு."

உம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீட்டுக் கல்லு எண்டதாலயா... அந்த லாப்ல அதுக்கு வெட்டுத் தரமே போடுறல்லியா?... ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி வெட்டுறதால... ம்... நெத்தலி மீன சீலா மீனோட வச்சுத் தரம் பிரிக்கேலாது, அப்பிடித்தானே... மினுக்கம் நல்லமா?... ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதா?... அப்ப கல்லு?... வைரந்தானா?..."

கதிரை பக்கத்திலேயே இருந்தும் உம்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்லாஹ்... நான் காலையில சாரா உம்மாவுக்குச் சொல்லிட்டன்டா... என்னத்தயா? கண்ணாடி எண்டுதான். இறுக்கக் குடுத்த இடத்துல தரம் போடக்கூட ஏலாத கல்லு எண்டுட்டாங்க எண்டன்... கத்தாத... அவ ஸலாம் சொல்லி வச்சிட்டா... நீ நேத்தே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே... ஓம், நான் கேட்டிருக்கலாம்தான். கேக்கல்ல."

அந்தக் காலைப் பேச்சும் ஸும்றாவுக்குக் கேட்டிருந்தது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. றஸ்மி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பான் என்று யோசித்தாள். அவனுடன் அவள் தனியாகக் கதைத்ததே இல்லை. ஆனால் அவன் தனக்காக ஒவ்வொரு கடையிலும் குனிந்து கல் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ தடவை மனதில் பார்த்திருக்கிறாள்.

"சரி, நடந்தது நடந்து போச்சி. மோதிரத்த இண்டைக்கே குடுத்தனுப்பு. நானே கொண்டுபோய் அவட கையப் புடிச்சி மன்னிப்புக் கேக்கிறன்... என்ன?... கழட்டினியா? கல்லயா?... மோதிரத்தோட வச்சாச் சரியா அளக்கேலாதா... அத முதல்லயே சொல்றல்லியா நீ... கல்லப் புடிக்கிற கொக்கி முறிஞ்சிட்டா? எத்தின?... மஸாஹிர், நான் இறுக்கத்தான் குடுத்தன் எண்டு அவக்குச் சொல்லி வச்சிருக்கன்."

உம்மா எழுந்து முற்றத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்டு செய். நீயே எடுத்துச் சொல்லு. இறுக்கக் குடுத்த இடத்துல தட்டான் தன்ட பாட்டுக்குக் கழட்டி லாப்புக்குக் குடுத்திட்டான், எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு... பொய் எண்டு எனக்குத் தெரியாதா?... உன்ட மருமகள நினைச்சுப் பாரு... மாட்டியா?... பள்ளிவாசல்ல முன்வரிசையில நிண்டு தொழுறவன் இப்பதான் முழிச்சிருக்கானாக்கும்... இரு... இரு, சாரா உம்மா எடுக்கிறா. வை. வை எண்டன்."

உம்மா திரையைத் தொட்டாள்.

"ஹலோ... வஅலைக்குமுஸ்ஸலாம் மதினி... நானே எடுக்க இருந்தன். காலையில நான் சொன்னது பிழை. கல்லு நல்ல கல்லு. நீட்டுக் கல்லுக்கு அந்த லாப்ல வெட்டுத் தரம் போடுறல்லியாம், எனக்குத்தான் விளங்கல்ல... ஓம்... ஓம், லாப்ல குடுத்துப் பாத்ததுதான்... நான்தான் குடுத்தன்... இல்ல மதினி, உங்களச் சந்தேகப்பட்டு இல்ல... ம்... ஆரு, றஸ்மித் தம்பி கேக்கிறாரா?... புள்ளக்கும் தெரியுமா எண்டா?"

உம்மா திரும்பிப் பார்த்தாள். கதவு நிலையில் ஸும்றா நின்றாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் தப்பிவிடுவாள். அந்த வார்த்தை உம்மாவின் உதட்டுக்கு வந்துவிட்டதை ஸும்றா கண்டாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"...தெரியும் மதினி. அவளுக்கும் தெரியும்... மோதிரத்தச் செய்விச்சுக் கொண்டுவந்து தாறம்... வாணாமா?... அப்ப நிக்காஹ்?... மதினி?... ஹலோ?... ஹலோ?"

முற்றத்தில் காகம் ஒன்று கருவாடு காயப்போட்டிருந்த பாயைக் கொத்தியது. விரட்ட யாரும் போகவில்லை.

"லைன் போயிட்டு," என்றாள் உம்மா.

ஸும்றா கிட்டே வந்து அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்து நின்றன.