நான்கு வெயில் காய்ந்த கண்டம்

உப்புக்கண்டம் வீட்டிலேயே போட்டுக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது. சந்தையில் தொங்குவதில் கொழுப்பும் மண்ணும் ஈயும் இருக்கும். வீட்டில் போட்டால் கொழுப்பைச் சுத்தமாக அரிந்து எடுத்துவிடலாம். மாட்டுக்கறியில் தொடைப்பகுதிதான் இதற்கு ஏற்றது. விரல் கனத்துக்கு நீளநீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், பூண்டு, மிளகாய் அரைத்துத் தடவி ஊறவைத்து, கயிற்றில் கோத்து நான்கு வெயில் காயவிட வேண்டும். மேலே ஒரு பழைய கொசுவலை. பிறகு மாதக்கணக்கில் கெடாது.

என் மனைவி நிர்மலாவுக்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். கர்ப்பத்தில் அவளுக்கு ரத்தம் குறைவாக இருந்தது. நர்சம்மா கறி சாப்பிடச் சொன்னார். தினமும் வாங்க வசதியில்லை. வெள்ளிமலையிலிருந்து இறக்கிய மாட்டை வெட்டும் நாளில் மொத்தமாக வாங்கிக் கண்டம் போட்டுவிடுவேன். சாயங்காலம் இரண்டு துண்டு சுட்டுக் கொடுப்பேன்.

"ஏன் மாமா, காக்கா ஓட்டிக்கினு இருக்கவா பி.எஸ்சி. படிச்ச?" என்று சிரிப்பாள்.

சின்னதுரைக்கும் கண்டம் பிடிக்கும். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அவர் நிலத்தில்தான் வேலை. அவர் காலனிக்குள் கால் வைக்கமாட்டார். எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆனால் மாதம் ஒருமுறை அவருடைய மோட்டார் கொட்டகைக்கு ஒரு பொட்டலம் போக வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அது வழக்கம். யாருக்கும் தெரியக் கூடாது என்பதும் வழக்கம்.

1987 புரட்டாசியில் சின்னதுரையின் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடத்தினார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு எதிர்ப்பில்லை. நானும் இடஒதுக்கீட்டில் படித்தவன். சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸோ ஜீப்போ ஓடவில்லை. நிர்மலாவுக்கு வலி எடுத்து, குழந்தை திரும்பவில்லை என்று மருத்துவச்சி சொன்னதும், மாட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். விழுந்த மரத்தின்மேல் சின்னதுரை உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா பியெஸ்ஸி, வண்டி கட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?"

"வலி ஜாஸ்தியா இருக்குதுங்க. அந்தக் கெளைய மட்டும் ஒதுக்கினா வண்டி பூடுங்க."

"உங்க ஆத்தா ஆஸ்பத்திரியிலயா உன்னப் பெத்தா? வூட்டுக்கு இட்டுக்கினு போடா."

டீக்கடை பாவாடையும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து கிளையைப் பிடித்தார்கள். "உக்காருங்கடா," என்றார் சின்னதுரை. "இவனுக்கு வழி வுட்டா நாளைக்கு ஊரே வண்டி கட்டிக்கினு வரும்." உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் நோயாளிகளை விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வயல் வழியாகத் திருப்பி ஓட்டினேன். சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. குழந்தை வண்டியிலேயே இறந்து பிறந்தது. பெண். மதியத்துக்குள் நிர்மலாவும் போய்விட்டாள். நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

ஆறு மாதம் ஒன்றும் செய்யவில்லை. பங்குனியில் வெயில் நன்றாக விழ ஆரம்பித்தது. கண்டம் போட்டேன். மசாலாவோடு ஒரு விதையையும் அரைத்துச் சேர்த்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தாளைப் படிப்பவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பொட்டலத்தை நானே மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்கலியே?" என்றார் சின்னதுரை.

"அதெல்லாம் இல்லீங்க."

"படிச்சவன் படிச்சவன்தான்டா." தோளில் தட்ட வந்தவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அவரைக் கொன்றது விதை மட்டுமல்ல. அவர் சுருண்டு விழுந்த அன்று சாலையில் ஒரு மரமும் கிடக்கவில்லை. கார் அரைமணியில் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. தூக்கி ஏற்றியவர்களில் நானும் ஒருவன், கூடவே போனேன். டாக்டர் பொறுமையானவர். என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்று முறை கேட்டார். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். சின்னதுரை என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு டாக்டரைப் பார்த்து, "டீயும் வடையும்தாங்க," என்றார். மாட்டுக்கறி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொட்டலத்தைத் தேடியிருப்பார்கள், அதற்கான வைத்தியம் நடந்திருக்கும். அவர் வாய்தான் அவருக்கு வழி விடவில்லை.

அந்த டீயும் வடையும் பாவாடை கடையில் சாப்பிட்டவை. மூன்று நாளாக அவனை ஸ்டேஷனில் வைத்து அடிக்கிறார்கள். கிளையில் கை வைத்தவர்களில் அவன் ஒருவன். அதனால்தான் நானாக வந்தேன்.

சின்னதுரையின் பேத்தி தேவிப்ரியாவைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டார். ஐந்து வயது. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்தாள். டாக்டர் கேட்டபோது அவளும் வடை என்றுதான் சொன்னாள். கொட்டகையில் தின்பதைச் சொன்னால் ஆயா அடிக்கும் என்று தாத்தா சொல்லிவைத்திருந்தார். அவர் போன ஒரு மணி நேரத்தில் அவளும் போனாள்.

"கொழந்த திங்கும்னு உனக்குத் தெரியாது, அதானே பகலவா?" என்று இன்ஸ்பெக்டரே எடுத்துக்கொடுத்தார். அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் கோபம் சின்னதுரை ஒருவர்மேல்தான். குழந்தைகள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

ஆனால் உண்மையை எழுத வந்தவன் பாதியில் நிறுத்தக் கூடாது. அவள் தினமும் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வருவாள். அவர் அவளுக்குக் கிள்ளிக் கொடுப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பொட்டலத்துக்குள் தனித் தாளில் மடித்து நான்கு துண்டுகள் வைத்திருந்தேன். மற்றவற்றைவிட மெல்லிசாக அரிந்தவை. விதை அவற்றிலும் உண்டு. மிளகாய் மட்டும் போடவில்லை. சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது.